மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் மதுவிலக்கும் மதுமீட்சியும் — ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு மக்களின் சமூக அமைப்பை ஆராயப் புகுவார் முதலில் எதிர்கொள்ளும் சொல் 'குடி' என்பதாகும். தாய்வழியாக வரும் உறவுக் கூட்டத்தை இச்சொல் குறிக்கும். ஒருவர் எக்குடியைச் சேர்ந்தவர் என்பதைக் கொண்டே கோயிலில் அவருக்குரிய உரிமையும், திருமணத்தில் அவருக்குப் பொருந்தும் உறவும் வரையறுக்கப்பட்டு வந்துள்ளன. 1962ஆம் ஆண்டில் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் பண்டிதர் வீ. சீ. கந்தையா எழுதிய 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகிய நூல்கள் தொடக்கம் அண்மைக்கால மானிடவியல் ஆய்வுகள் வரை இக்குடிமரபு விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அதே ஒலியும் அதே எழுத்தும் கொண்ட மற்றொரு 'குடி'யும் இப்பிரதேச வாழ்வில் வேரூன்றி நிற்கின்றது. இதனைப் பற்றி மேடைகளிற் பேசப்பட்ட அளவுக்கு ஆய்வேடுகளில் எழுதப்படவில்லை.

மது எங்கு விற்கப்பட்டது, யார் அதனை எதிர்த்தனர், எச்சட்டங்கள் இயற்றப்பட்டன என்பனவற்றை மட்டும் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடியை விட்டுவிட வேண்டும் என்று உள்ளத்தில் உறுதி கொண்ட ஒருவன், இன்று மாலை எங்கே செல்லலாம்? எவர் முன் அமர்ந்து தன் நிலையைச் சொல்லலாம்? இவ்வினாவுக்கு வரலாறு எவ்வகையான விடைகளைத் தந்துள்ளது என்பதை ஆராய்வதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்பெறும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்னும் பொருளமைந்த இப்பெயர்கள் வெறும் திசைப்பெயர்கள் ஆகா. இரு வேறு வாழ்க்கை முறைகளையும் அவை சுட்டுவன. ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு முதலிய எழுவான்கரை ஊர்கள் பெருந்தெருவையும் பாடசாலைகளையும் அலுவலகங்களையும் அண்மையிற் கொண்டவை. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர் முதலிய படுவான்கரைப் பகுதிகள் வேளாண்மையையும் கால்நடையையும் சார்ந்தவை. வாவியைக் கடப்பதற்கு நெடுங்காலமாகத் துறைகளும் தோணிகளுமே துணையாயிருந்தன. மண்முனைத் துறையிற் பாலம் அமைந்து திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேயாகும்.

இப்புவியியலை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. மது எக்கரையிலும் கைக்கெட்டும் தூரத்திற் கிடைத்தது. கடலோரத் தென்னந்தோப்புகள் கள்ளைத் தந்தன. தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் அரசின் அனுமதிபெற்ற கடைகளில் விற்கப்பட்டது. சீனியையும் ஈஸ்ட்டையும் புளிக்கவைத்துக் களவாக வடிக்கும் கசிப்பு, வாவியோரக் கண்டற் காடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் உருவானது. அறுவடைக் காலத்தில் வயல்வாடியிலும், மீன்பிடித்து மீண்ட விடியற்பொழுதில் கரைவாடியிலும் மது உழைப்பின் களைப்பைத் தீர்க்கும் பொருளாகக் கருதப்பட்டது. மதுவிலிருந்து மீள்வதற்குரிய உதவியோ பெரும்பாலும் நகரத்தில், அஃதாவது பலருக்கு வாவியின் மறுகரையில் இருந்தது. நோயும் மருந்தும் இவ்வாறு இரு கரைகளிற் பிரிந்து நின்றமையை மனத்திற் கொண்டே பின்வரும் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கடையை நோக்கிய நடவடிக்கைகள்

பிரித்தானியர் ஆட்சியில் சாராய விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டது. குறித்த பகுதியில் விற்பதற்கான உரிமையைக் குத்தகையாகப் பெற்றோர் பெருஞ்செல்வம் ஈட்டினர். இலங்கையின் முதலாளித்துவ வகுப்பின் எழுச்சியில் இக்குத்தகை முறைக்கு இருந்த பங்கினைக் கலாநிதி குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விற் சிறப்பாக எடுத்துக்காட்டியுள்ளார். இம்முறையில் மது அரசின் வருவாய், குத்தகைகாரரின் முதலீடு, குடிப்பவனுக்கோ கடன். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையை அகற்றி, மது உற்பத்தியையும் விற்பனையையும் திணைக்களக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது. ஆயின், அச்சட்டத்தையொட்டிக் கள்ளுக் கடைகள் தனியாகப் பல்கும் நிலை ஏற்பட்டமையால் மக்களிடையே எதிர்ப்புக் கிளர்ந்தது. 1904ஆம் ஆண்டளவிலும் பின்னர் 1912இலும் தென்னிலங்கையில் வலுப்பெற்ற மதுவிலக்கு இயக்கம், இலங்கைத் தேசிய அரசியலின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவ்வியக்கத்தின் தலைவர்கள் பலர் சிறையிலடைக்கப்பட்டமை, ஆட்சியாளர் அதனை வெறும் ஒழுக்க இயக்கமாகக் கருதவில்லை என்பதைப் புலப்படுத்தும்.

இவ்வியக்கம் மக்களைத் திரட்டியது. கடைகளை மூடுவதற்கு உள்ளூர் மக்களே வாக்களிக்கும் முறைக்கும் பின்னர் வழிபிறந்தது. எனினும் அதன் கண் கடைமீதே இருந்தது. கடையை மூடினால் குடிப்பவன் தானே திருந்துவான் என்பது அதன் உள்ளார்ந்த நம்பிக்கை. பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்தவற்றை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. 1937 ஒக்டோபர் முதலாம் நாள் இராஜாஜியின் அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தமிழ்நாட்டு அரசு அதனை நிறுத்திவைத்தது. 1983இல் மது வணிகத்துக்கென அரசே ஒரு நிறுவனத்தை அமைத்தது. சட்டம் வந்தது, சென்றது, மீண்டும் வந்தது. அச்சட்டங்களுக்கிடையே வாழ்ந்த குடிநோயாளன் ஒருவனுக்கு அவை தந்தவை கடையின் தொலைவும் மதுவின் விலையுமே.

இலங்கையிலும் இப்போக்குத் தொடர்ந்தது. பௌர்ணமி தினங்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்து 1979இல் வெளியான அறிவித்தல் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டுச் சில நாட்களிலேயே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகப் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கான தேசிய அதிகாரசபை தோற்றம்பெற்றது. மதுசார விளம்பரம் தடைசெய்யப்பட்டது. 2017இல் கல்குடாப் பகுதியில் எதனோல் வடிசாலை ஒன்று அமைக்கப்படுவதற்கு எதிராக மட்டக்களப்பு மாவட்டத்திற் பரவலான எதிர்ப்பு எழுந்தது. இவை யாவும் தேவையானவை என்பதில் ஐயமில்லை. மதுவின் விலையும் கிடைக்கும் தன்மையும் ஒரு சமூகத்தின் மொத்தக் குடி அளவைத் தீர்மானிப்பன என்பது சுகாதார இயலார் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆயினும் கடை மூடிய மாலையில், நடுங்கும் கைகளோடு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவனுக்கு இச்சட்டங்களில் ஒரு வரிதானும் இல்லை.

உறுதிமொழியும் அறிவுரையும்

கடையை நோக்காது மனிதனை நோக்கிய முயற்சிகளும் இருந்தன. அவற்றுள் முதன்மையானது உறுதிமொழி. 1832 செப்ரெம்பர் முதலாம் நாள் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் யோசப் லைவ்சி உள்ளிட்ட எழுவர் மதுவகைகள் அனைத்தையும் முற்றாக விலக்குவதாகக் கையெழுத்திட்டனர். முழு மதுவிலக்கு இயக்கம் என்னும் கருத்து அங்கிருந்து பரவிற்று. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் அதற்கு முன்னரே காலூன்றியிருந்தது. 1814இல் வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் அங்கு பாடசாலையை நிறுவி, ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே 1815 ஏப்பிரலில் மறைந்தார். மெதடிஸ்த சபை பிற்காலத்தில் உலகின் பல பாகங்களிலும் மதுவிலக்கைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. சைவர் மத்தியில் ஆறுமுக நாவலர் கள்ளுண்ணாமையைச் சைவ ஒழுக்கத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக வற்புறுத்தினார். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரைகளில் மதுவிலக்கையும் வலியுறுத்தினார்.

சமயத்தால் வேறுபட்ட இம்முயற்சிகள் ஓர் இயல்பால் ஒன்றுபட்டன. பேசியவர் குடியாதவர், கேட்டவரே குடிப்பவர். மேடையும் தரையும் போல இருவருக்கும் இடையே ஓர் உயரம் இருந்தது. உறுதிமொழி எடுத்தவன் அதனைக் காத்தால் பாராட்டப்பட்டான். தவறினால் அவன் நோயாளன் ஆகவில்லை. வாக்குத் தவறியவன் ஆனான். அடுத்த கூட்டத்துக்கு வருவதற்கு அவனுக்கு முகமில்லை. உதவி மிக வேண்டியிருந்த வேளையிலேயே உதவிக்கான வாயில் அடைபட்டது.

அறிவுரையின் இவ்வெல்லையைத் தமிழ் மரபு அறியாததன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையின் ஒன்பதாவது குறள், மதுமயக்கில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதன் பயனின்மையைக் கூறுகின்றது. பத்தாவது குறளோ, தான் குடியாதிருக்கும் பொழுதில் குடித்த இன்னொருவனைக் காண்பவன் தன் வீழ்ச்சியை அங்கு எண்ணிப் பார்க்கமாட்டானோ என்று வினவுகின்றது. இவ்விரு குறள்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து ஒரு முறைமை புலனாகும். வெளியிலிருந்து வரும் காரணம் குடிப்பவனைச் சென்றடைவதில்லை. தன்னைப் போன்ற இன்னொருவனே அவனுக்குக் கண்ணாடியாகின்றான். இருபதாம் நூற்றாண்டின் மதுமீட்சிக் குழுக்கள் இவ்வுண்மையையே தம் அடிப்படையாகக் கொண்டன.

காலவரையறையுள்ள நோன்பு

வாவிப் பிரதேசத்துக்கே உரிய மற்றொரு மரபும் இங்கு கருதத்தக்கது. வைகாசித் திங்களில் கண்ணகையம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்தி வரை நடைபெறும் சடங்குக் காலத்தில், ஊரவர் புலாலையும் மதுவையும் விலக்கித் துப்பரவாக இருப்பர். மற்றைய நாட்களில் இடையறாது குடிப்போரிற் சிலரும் அந்நாட்களில் அதனைத் தொடுவதில்லை. தீமிதிப்புக்காகவும் முருகன் கோயிற் காவடிக்காகவும் நோன்பிருப்போரிடத்தும் இதனைக் காணலாம்.

இதனை அச்சத்தால் விளைந்த கட்டுப்பாடு என்று மட்டும் விளக்குதல் போதாது. அந்நாட்களில் அவன் தனித்து விலகவில்லை. ஊரே அவனோடு சேர்ந்து விலகுகின்றது. விலகுவதற்கு எல்லையும் குறிக்கப்பட்டுள்ளது. வாழ்நாள் முழுவதும் என்ற மலைப்பு அங்கு இல்லை. அவன் நாளை பற்றி எண்ணவேண்டியதில்லை. இன்றைய சடங்கு முடிந்தாற் போதும். ஆயினும் குளிர்த்தி நிறைவுற்ற மறுநாள் ஊர் கலைந்துவிடுகின்றது. அவனும் பழைய இடத்துக்கே திரும்புகின்றான். கூட்டமும் சிறிய கால எல்லையும் சேருமிடத்துக் குடிப்பவனால் விலகியிருக்க இயலும் என்பதை இம்மரபு மெய்ப்பித்துக் காட்டுகின்றது. கூட்டம் கலைந்தபின் என்ன செய்வது என்பதற்கு அது விடை கூறவில்லை.

நாட்பட்டுப் பெருமளவு குடித்துவந்தவர்கள் பற்றி ஓர் எச்சரிக்கையும் இவ்விடத்திற் சொல்லப்பட வேண்டும். அத்தகையோர் திடீரென நிறுத்தும்போது முதல் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், பொய்க்காட்சி ஆகியன தோன்றக்கூடும். சிலவேளை உயிருக்கும் ஆபத்து நேரும். இதனை நோன்பின் சோதனை என்றோ தெய்வக் குற்றம் என்றோ கொள்ளாது, வைத்தியசாலையில் உரிய மருந்தோடும் தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தோடும் கடக்கவேண்டிய மருத்துவ நிலையாகக் கொள்ளவேண்டும். அதன் பின்னரே கூட்டத்தின் பணி தொடங்குகின்றது.

குடித்தவர் தாமே கூடிய கூட்டம்

குடித்தவர்களே ஒருவருக்கொருவர் துணையாகும் முயற்சி முதன்முதலாகப் பெருமளவில் நிகழ்ந்தது அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலாகும். 1840 ஏப்பிரலில் மதுக்கடையொன்றிற் கூடியிருந்த குடிகாரர் அறுவர் குடியை விடுவதாக உறுதிபூண்டு, வோஷிங்டனியர் என்னும் சங்கத்தை அமைத்தனர். ஒவ்வொருவரும் தம் கதையைத் தாமே எழுந்து கூறினர். புதிய ஒருவரை அழைத்துவந்தனர். சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழியிற் கையெழுத்திட்டனர். ஆனால் பத்தாண்டு செல்வதற்குள் அவ்வியக்கம் உருத்தெரியாது மறைந்தது. குடியாதவர்களும் அரசியல் நோக்குடையோரும் அதனுள் நிறைந்தமையும், மதுவிலக்குச் சட்டம் முதலிய பொதுப் பிணக்குகளில் அது இழுக்கப்பட்டமையும் அதன் வீழ்ச்சிக்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. குடித்தவர் ஒருவரையொருவர் காக்கும் கூட்டம், பிறரைத் திருத்தும் இயக்கமாக மாறியபோது தன் உயிரை இழந்தது எனலாம்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் நிகழ்ந்த மற்றொரு சந்திப்பு நிலைபெற்றது. நியூயோர்க் பங்குவணிகத்தில் ஈடுபட்டிருந்த வில்லியம் வில்சன் சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தார். 1935 மே மாதம் ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்கு வணிக முயற்சியொன்றுக்காக வந்து, அது தோல்வியுற, விடுதியின் முகப்புக் கூடத்தில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுச்சாலையின் ஆரவாரம். மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். தம்மைக் காத்துக்கொள்வதற்கு இன்னொரு குடிநோயாளரோடு உடனே பேசியாக வேண்டும் என்று அவர் உணர்ந்தார். தேவாலயங்களின் வழியாக அவர் தேடிய தேடல், அடுத்த நாளாகிய மே 12ஆந் தேதி மருத்துவர் றொபேட் சிமித் என்பவரிடம் அவரைக் கொண்டுசேர்த்தது. பதினைந்து நிமிடம் மட்டுமே பேசுவதாக வந்த மருத்துவர் பல மணிநேரம் அமர்ந்திருந்தார். முன்னர் பலர் அவருக்கு அறிவுரை கூறியிருந்தனர். அவர் பட்டதைத் தாமும் பட்ட ஒருவர் தம் கதையைக் கூறியது அதுவே முதன்முறை. அம்மருத்துவர் இறுதியாகக் குடித்த நாள் எனப்படும் 1935 ஜூன் 10, அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், அஃதாவது பெயர் வெளியிடாக் குடிநோயாளர் என்னும் கூட்டமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகின்றது. அவர்கள் இருவரும் மூன்றாமவரை அக்ரன் நகர வைத்தியசாலைக் கட்டிலிற் கண்டனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1939இல் அவர்களது நூல் வெளியானது. பன்னிரு படிகள் அதில் வகுக்கப்பட்டன. 1950இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பன்னிரு மரபுகள், முன்னைய இயக்கங்களின் வீழ்ச்சியைத் தவிர்க்கும் வேலிகளாக அமைந்தன. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்புரிமைக்குத் தகுதி. கட்டணமில்லை. வெளியார் பணம் பெறப்படுவதில்லை. மதுவிலக்குச் சட்டம் உள்ளிட்ட எந்தப் பொதுப் பிணக்கிலும் குழு கருத்துக் கூறுவதில்லை. உறுப்பினர் பெயர் வெளியிடப்படுவதில்லை. இறைவன் என்பதற்கு ஒவ்வொருவரும் தாம் உணர்ந்தவாறு பொருள்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதற்குமான உறுதிமொழி கேட்கப்படுவதில்லை; இன்றைய ஒரு நாள் மட்டுமே பேசப்படும். தவறியவன் திரும்பி வரலாம். 1951இல் குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென அல்-அனொன் என்னும் தனிக் குழு அமைந்தது. 1957ஆம் ஆண்டளவில் இந்தியாவிலும் இக்கூட்டங்கள் தொடங்கின. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய மருத்துவ நிலையம் மருத்துவச் சிகிச்சையையும் குழு முறையையும் குடும்பத்தினர் பங்கையும் இணைத்துத் தமிழ்ச் சூழலில் நடைமுறைப்படுத்தியது.

இம்முறையின் பயன் நீண்டகாலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. தொடர்ந்து குடியாதிருத்தல் என்னும் அளவுகோலில், முறைப்படுத்தி நடத்தப்பட்ட பன்னிருபடி முறை ஏனைய உளச்சிகிச்சை முறைகளைவிட மேம்பட்ட பயனைத் தந்ததாக அது கண்டது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்பது இதன் பொருளன்று. மருத்துவம், உளவளத்துணை, குழு என்னும் மூன்றினுள் குழுவைப் புறக்கணித்தல் இனி இயலாது என்பதே பொருள்.

போருக்குப் பிற்பட்ட வாவிக்கரை

1978 நவம்பர் 23ஆந் தேதி வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதன்பின் போர் வந்தது. 1990ஆம் ஆண்டின் படுகொலைகளும் காணாமற்போதல்களும் வாவியின் இரு கரைகளிலும் ஆண்கள் குறைந்த வீடுகளை விட்டுச்சென்றன. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் எழுவான்கரையை விழுங்கியது. 2007இல் படுவான்கரையிலும் போர் ஓய்ந்தது. போரால் வடுப்பட்ட தமிழ்ச் சமுதாயத்தை நெடுங்காலம் ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனி மனிதனோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுறுவதையும், போரின் பின் மதுப்பழக்கம் பெருகியமையையும் 2014இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். இழப்பைப் பேசுவதற்கு இடமில்லாதபோது அதனை மறப்பதற்குரிய பொருள் கடையிற் கிடைத்தது.

இக்காலத்திலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டின் பின் மட்டக்களப்பு வைத்தியசாலையின் உளமருத்துவச் சேவையை மகேசன் கணேசன் முதலிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்தனர். 2005இல் நாட்டின் உளநலக் கொள்கை ஏற்கப்பட்டது. கடற்கோளின் பின் உளநலச் சேவை பெருமருத்துவமனைகளைத் தாண்டி மாவட்டங்களுக்கு விரிவடைந்த வரலாற்றை உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையும் பதிவுசெய்துள்ளது. இவ்வாறாக, குடிப்பழக்கம் ஒழுக்கக் குறை என்ற நிலையிலிருந்து சிகிச்சைக்குரிய நிலை என்ற இடத்துக்கு நகர்வதற்கு வாய்ப்பு உண்டாயிற்று.

குடிமரபும் குழுவும்

அமெரிக்க நகரில் உருவான குழுமுறை வாவிக்கரையில் அவ்வாறே அமைந்துவிடுமா? ஈண்டு மூன்று செய்திகள் ஆராயற்பாலன.

முதலாவது, பெயர் மறைத்தல். தாய்வழிக் குடியும் கோயில் முறையும் கொண்டு ஒருவரையொருவர் அறியும் ஊரில், பெயரைச் சொல்லாதிருத்தலால் ஒருவன் மறைந்துவிடுவதில்லை. அவன் எவரின் மருமகன், எக்குடி என்பதை எதிரில் இருப்பவர் அறிவர். எனவே இங்கு பெயர் மறைத்தல் என்பது கேட்டதை வெளியே கொண்டுசெல்லாமை என்றே பொருள்பட வேண்டும். கோயில் மண்டபத்தைவிடக் குடி முறைகளும் முன்னுரிமைகளும் இல்லாத ஓரிடம் இதற்குப் பொருத்தமானது. பாடசாலை அறை, வாசிகசாலை, வைத்தியசாலையின் ஒரு மூலை என்பன அத்தகையன. தன் ஊரிற் செல்லக் கூசுபவன் அடுத்த ஊருக்குச் செல்லலாம். படுவான்கரையான் பாலங்கடந்து எழுவான்கரைக்கும், எழுவான்கரையான் மறுகரைக்கும் செல்லலாம். வாவி பிரிப்பது போலவே மறைவும் தருகின்றது. மது விலக்கப்பட்ட மார்க்கத்தைச் சேர்ந்த காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் இக்கூச்சம் இன்னும் பெரிதாதலின், அங்குள்ளோருக்கு இம்மறைவு மேலும் இன்றியமையாதது.

இரண்டாவது, வீடு. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக அளிக்கப்படுதலும், கணவன் மனைவியின் வீட்டுக்கு வருதலும் நெடிய வழக்கம். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய மரபுரிமை முறையைக் கி. பிறிற்றோ 1876இல் நூலாகத் தொகுத்தார். அதே ஆண்டின் கட்டளைச் சட்டம் அம்முறையைப் பெரும்பாலும் நீக்கியபோதும், சீதன வழக்கு நிலைத்தது. இதனால் குடிப்பவனின் மனைவி, ஏனைய பல சமூகங்களிற் போலக் கதியற்று நிற்பவள் அல்லள். தாயும் சகோதரிகளும் அண்டைவளவில் இருக்கத் தன் வீட்டில் வாழ்பவள். ஆயினும் அடியும் கடனும் அவளையும் வந்தடைகின்றன. குடும்பத்தினர்க்குரிய குழு இங்கு தோன்றுமாயின், அதற்கு அடித்தளமாகும் உறவுவலை ஏற்கனவே உள்ளது. கணவன் கூட்டத்துக்குச் செல்ல மறுத்தாலும் மனைவி தன் கூட்டத்துக்குச் செல்லலாம் என்பது இதன் சிறப்பு.

மூன்றாவது, தலைமை. எந்தச் சங்கத்திலும் தலைவர், செயலாளர், போசகர் எனப் பதவிகளை வகுப்பது நம் வழக்கம். பொன்னாடையும் நினைவுமலரும் பின்தொடரும். மதுமீட்சிக் குழுவில் இதற்கு இடமில்லை. போடியாரும் கூலிக்காரரும் ஆசிரியரும் மீனவரும் அங்கு ஒரே பாயில் அமரவேண்டும். அங்கு மூத்தவர் என்பவர் அதிக நாள் குடியாதிருந்தவர் அல்லர், இன்று புதிதாக வந்தவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பவர். பால்ட்டிமோர் சங்கத்தின் வீழ்ச்சி நமக்கு உணர்த்தும் பாடமும் இதுவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வாவிப் பிரதேசத்தில் மதுவை எதிர்த்த முயற்சிகள் மூன்று வழிகளிற் சென்றமை புலனாகும். சட்டம் கடையைக் கண்டது. உறுதிமொழி ஒழுக்கத்தைக் கண்டது. நோன்பு நாளைக் கண்டது. மூன்றும் தத்தம் அளவிற் பயன்பட்டன. குடித்தவன் நாளும் சென்று அமரக்கூடிய இடத்தை அவை தரவில்லை.

அவ்விடத்தைத் தேடும் ஒருவன் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தைத் தேடுகின்றான்: பெயர்ப்பலகை, முகவரி, நேர அட்டவணை என்பனவற்றை எதிர்பார்க்கின்றான். தன் ஊரில் அவை இல்லையெனக் கண்டு தேடலைக் கைவிடுகின்றான். வரலாறு அவனுக்குக் கூறுவது வேறு. 1935இல் அக்ரன் விடுதியில் நின்றவருக்கும் செல்வதற்குக் கூட்டம் இருக்கவில்லை. அவர் தேடியது ஒரேயொரு மனிதரை. அம்மனிதர் கிடைத்த பொழுதே கூட்டமும் தோன்றிவிட்டது. கூட்டத்தின் மிகச் சிறிய அளவு இருவர்.

எனவே இப்பணியில் ஈடுபடும் மருத்துவரும் உளவளத்துணையாளரும் சமயப் பணியாளரும் ஆற்றவேண்டிய முதற்கடமை, மண்டபம் கட்டுவதன்று. மீண்டுவரும் ஒருவரை, அவரது இசைவோடு, மீள விரும்பும் இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைத்தலாகும். வைத்தியசாலைச் சிகிச்சை நாள் அதற்குரிய இயல்பான தருணம். பல்கலைக்கழக மாணவரும் இதில் ஆற்றக்கூடியது உண்டு: மீண்டோரின் வாய்மொழி வரலாறுகளை, பெயரும் ஊரும் நீக்கி, அவர்களது பேச்சு வழக்கிலேயே தொகுத்தல். குடிமரபைப் பற்றி எழுதப்பட்ட நூல்களின் அருகில், குடியிலிருந்து மீண்டோரின் வரலாறும் ஒரு நாள் வைக்கப்படவேண்டும்.

மண்முனைத் துறையில் தோணிக்காகக் காத்திருந்த காலம் கடந்துவிட்டது. ஆயினும் மறுகரைக்குச் செல்ல விரும்புபவனுக்குப் பாலம் மட்டும் போதாது. அக்கரையில் அவனுக்காக ஒருவர் காத்திருத்தல் வேண்டும்.